பத்தடிக்குள் வந்தவன்

அத்தியாயம் 7

“செத்தவனுக்கு ஞாயித்துக்கெழம லீவா?”

முத்துநாயகம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. அதிலும் பெற்ற தாயை எதிரே வைத்துக்கொண்டு கேட்டிருக்கவே கூடாது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குளோரி மெதுவாகத் தலையைத் திருப்பினார். முப்பது நாளாக உறக்கம் பிடிக்காத கண்கள்.

“எனக்க மவன் செத்தான்னு ஒமக்கு ஆரு சொன்னா?”

“இல்லம்மா, ஒரு பேச்சுக்குத்தான்...”

“பேச்சுக்கும் வேண்டாம்.”

முப்பத்தோரு வருஷம் நாகர்கோவில் - களியக்காவிளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் முத்துநாயகம். தாலுகா தாலுகாவாக வசவு வாங்கிச் சிரித்தவர். இந்த ஒரு வார்த்தை அவருக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் இரண்டு நிமிஷத்துக்கு மேல் மூடியிருக்காது என்பது பக்கத்தில் இருந்த நேசம்மாளுக்குத் தெரியும்.

நேசம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துநாலு வருஷம் காதில் ஹெட்செட் மாட்டியிருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே தக்கலையில் ஒரு சாயாக்கடை மாடியில் பலகை தொங்கவிட்டார்: ‘தொலைந்தது, மறைந்தது, மறைத்தது - விசாரிக்கப்படும்.’ விசாரிப்பது அவர். கூட நடந்து நக்கல் அடிப்பது முத்துநாயகம்.

அவர்கள் இருந்தது வடக்குத்துறையில், கடலைப் பார்த்த ஓர் ஒற்றை அறையில். கூரையில் ஒலிபெருக்கி. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர். தினமும் காலை ஆறேகாலுக்கு அன்றைய அலை உயரத்தையும் காற்றையும் துறைக்கு வாசித்துச் சொல்லும் அறை அது. வாசிப்பவள் அஜிஷா. கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவன் ஷிஜின், குளோரியின் ஒரே மகன். பகலெல்லாம் கடல், மீதி நேரமெல்லாம் இந்த அறை.

முப்பது நாளுக்கு முன்னால் விடியற்காலை ஷிஜினும் இஞ்ஞாசியும் ஒரே வள்ளத்தில் போனார்கள். வள்ளம் கவிழ்ந்தது. எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து இஞ்ஞாசி கரை சேர்ந்தார். ஷிஜின் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு அவனுடைய உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது இந்தத் துறையின் வழக்கம். இன்றைக்கு நாலு மணிக்கு அடக்கம்.

தாய் சம்மதிக்கவில்லை. காரணம், பதினெட்டு நாளாக மகன் இந்த அறைக்கு வந்துபோகிறான்.

“நாலு மணிக்கு முன்ன ஒரு வார்த்த சொல்லுங்க,” என்று அவர்கள் வந்தவுடனேயே சொல்லியிருந்தார் குளோரி. “உண்டுன்னா உண்டு. இல்லன்னா இல்ல. உசிரோட இருக்கப்பட்ட மவனுக்க துணிய மண்ணுல போட்டவன்னு நான் கெடக்கப்பிடாது. செத்தவன வாசல்ல நிறுத்தி வச்சவன்னும் கெடக்கப்பிடாது.”

அப்போது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது.

“நீ சொல்லு மக்கா,” என்று நேசம்மாள் அஜிஷா பக்கம் திரும்பினார். “என்ன நடக்குது?”

அஜிஷா வாசலில் ஒரு காலை வெளியே வைத்துத்தான் நின்றாள். “ஆறு மணிக்கு நான் வந்து தொறப்பேன். ஸ்கிரீன் பூட்டித்தான் கெடக்கும். நான் கீபோர்டக்கூடத் தொடமாட்டேன். ஆறு அஞ்சு, ஆறு பத்து இருக்கும். தானே தொறக்கும். அண்ணனுக்க சத்தம் வரும். ‘வந்துட்டேன் மக்கா’ன்னு. கொஞ்சம் கழிஞ்சு ‘போயிட்டு வாறேன்’னு சொல்லும். பொறவு தானே பூட்டும்.”

“வேற யாரும் உள்ள இருக்கமாட்டாங்களா?”

“நான் மட்டும்தான். வெளிய இருவது முப்பது பேரு நிப்பாங்க, காத்து கேக்க. ஜன்னலுக்க அந்தப் பக்கம் குருசடி. மெழுகுத்திரி கொளுத்த வாறவங்க வருவாங்க. இஞ்ஞாசி அண்ணன் நிப்பாரு, ஜின்சி அக்கா நிக்கும், மீன்காரிய நிப்பாங்க. உள்ள ஒருத்தரும் இல்ல.”

ஜின்சி, ஷிஜினின் மனைவி. இப்போது வீட்டில் பெட்டியோடு இருக்கிறாள் என்றாள் அஜிஷா.

“மொத நாளு நீ என்ன செஞ்ச?”

“ஓடிட்டேன். அன்னைக்கு ஆருக்கும் அலை தெரியாது.”

நேசம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அஜிஷா எட்டி நின்றே பாஸ்வேர்டைச் சொன்னாள். திரை திறந்தது. திரையின் பின்னணிப் படமே அலை உயரத்தை எழுதிக் காட்டியது: 1.4 மீட்டர், பச்சை நிறத்தில்.

“ரெண்டு மீட்டருக்கு மேல போனா படம் தானே செவப்பாவும்,” என்றாள் அஜிஷா. “அண்ணன் வச்சது.”

“லினக்ஸ்தானே?”

“ஆமா. பழைய சிஸ்டம் படுத்துட்டு, புதுசு வாங்க வழியில்ல. அண்ணன் நெட்டுல இருந்து இத எறக்கினாரு. பொறவு ஒவ்வொண்ணா ஓசியிலயே சேத்தாரு.”

“ஓசியில ஏறினவன் செக்கிங்குல மாட்டுவான்,” என்றார் முத்துநாயகம்.

தக்கலை ஆபீஸிலும் இதே லினக்ஸ்தான். சாயங்காலமானால் திரை தானாக மஞ்சளாகும், கண்ணுக்கு இதம். அதை நேசம்மாள் முதன்முதலாக வைத்த அன்று, முத்துநாயகம் தனக்கு மஞ்சள்காமாலை என்று முடிவு கட்டி ரத்தம் சோதிக்கப் போய்விட்டார்.

“இந்தச் சிஸ்டம் ஒம்ம மாதிரி, கண்டக்டரே. ஏறினவன், எறங்கினவன் எல்லாத்தயும் நேரத்தோட எழுதி வைக்கும்.” நேசம்மாள் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து நாலு சொல் தட்டினார். வரிவரியாக ஓடி நின்றது. “படியும்.”

முத்துநாயகம் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். “வெள்ளி, ஆறு எட்டுக்குத் தொறந்திருக்கு, ஆறு இருவத்தொண்ணுக்குப் பூட்டியிருக்கு. சனி, ஆறு பன்னெண்டு. திங்கள், ஆறு அஞ்சு... இது டைமர் வச்ச வேல, ஆப்பரேட்டரம்மா. அலாரம் மாதிரி.”

“அலாரம் ஒரு நாளு எட்டுக்கும் ஒரு நாளு பன்னெண்டுக்கும் அடிக்குமா?”

“நம்ம டெப்போ கடியாரம் அடிக்கும்.”

“நடந்து வாற ஆளுதான் முன்ன பின்ன வரும். இதுல ஞாயிறு எங்க இருக்கு?”

மூன்று ஞாயிறும் இல்லை. அப்போதுதான் முத்துநாயகம் அந்தக் கேள்வியைக் கேட்டதும், குளோரி தலையைத் திருப்பியதும்.

நேசம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஞாயிறு மட்டுமில்ல. போன வியாழனும் இல்ல. வியாழக்கெழம என்ன நடந்துச்சு?”

அஜிஷா யோசித்தாள். “புதன் சாயங்காலம் காத்துல வயர் அறுந்துட்டு. மறுநாளு மத்தியானம் வரைக்கும் துறையில கரண்டு இல்ல.”

“அப்பம் கம்ப்யூட்டரும் ஓடல்ல?”

“இது ஓடிச்சு. இதுக்குப் பேட்டரி உண்டு. வியாழன் காலையில அலை வாசிச்சேனே.”

“கம்ப்யூட்டருக்குக் கரண்டு இருந்துச்சு. வந்துபோற ஆளுக்குத்தான் இல்ல.” நேசம்மாள் விரல்களை மடக்கிக்கொண்டார். “செத்தவங்களுக்குச் சார்ஜ் ஏத்தணுமா, கண்டக்டரே?”

முத்துநாயகத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குருசடிச் சிலுவையின் அடியில் மெழுகுவத்தி ஒன்று காற்றில் படுத்து எழுந்தது.

ஷிஜின் தான் செய்த மாற்றங்களையெல்லாம் ஒரு கோப்பில் குறித்து வைத்திருந்தான். கோப்பின் பெயர் ‘செஞ்சு வச்சது’. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான். நேசம்மாள் வாய்விட்டு வாசிக்க வாசிக்க, குளோரி நாற்காலியோடு நெருங்கி வந்தார்.

அறிக்கையைக் கம்ப்யூட்டரே வாசிக்கப் பழக்கினேன். சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு. அஜிஷா வாசிச்சாத்தான் சனம் நம்புது. விட்டுட்டேன்.

கோயில் பூனை கீபோர்டுல படுத்து, காத்து வேகம் நாப்பத்தஞ்சுங்கிறதுல ஒரு சைபரக் கூட்டிட்டு. நல்ல காலம், அஜிஷா பாத்தா. இனி ரெண்டு பட்டன அமுக்கினா கீபோர்டு செத்துக் கெடக்கும், பூனை சுகமா ஒறங்கலாம்.

குளோரியின் முகத்தில் ஏதோ ஒன்று இளகிப் பழையபடி இறுகியது. கடைசிக் குறிப்பு சித்திரை மாதத்தில் எழுதியது.

கடல்ல இருந்து நேரா வந்தா கையெல்லாம் மீன் வழுப்பு, பாஸ்வேர்டு அடிக்க முடியல்ல. இனி நான் பத்தடிக்குள்ள வந்தா தானே தொறக்கும், போனா தானே பூட்டும். ஜின்சி கேட்டுச் சிரிக்கட்டும்னு எனக்க சத்தத்தயும் போட்டுட்டேன்.

“பத்தடிக்குள்ள வந்தது இவன்தான்னு மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?” முத்துநாயகத்தின் குரல் இறங்கியிருந்தது. “மோந்து பாக்குமா?”

நேசம்மாள் எழுந்து வெளியே நடந்தார். அஜிஷாவையும் முத்துநாயகத்தையும் கண்ணால் கூப்பிட்டார். குளோரிக்குக் கேட்காத தூரத்தில் வந்துதான் பேசினார்.

“போன் வச்சுத் தெரியும். அவனுக்க போனுல புளூடூத் எப்பவும் ஓடும். அந்தப் போன் பத்தடிக்குள்ள வந்தா, ஆளு வந்தான்னு இது நெனைக்கும்.”

“போன் கடல்லல்லா போச்சு,” என்றாள் அஜிஷா. “கையில வச்சுக் கூப்பிடப் பாத்தான், டவர் கெடைக்கல்ல, அதோட அலையடிச்சுட்டுன்னு இஞ்ஞாசி அண்ணன் போலீசுல எழுதிக் குடுத்திருக்கு.”

“நீங்க யாராவது அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாத்தியளா?”

“மொத வாரம் பூரா கூப்பிட்டோம். சுவிட்ச் ஆஃப்.”

“பொறவு?”

அஜிஷா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். “செத்தவருக்க நம்பர ஆரு அக்கா கூப்பிடுவா?”

நேசம்மாள் தன் போனை எடுத்தார். அஜிஷா சொன்ன பத்து எண்களையும் அமுக்கி, பழைய பழக்கத்தில் காதோடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். முத்துநாயகம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மூடிய இமைக்குள் கண் ஒரு தரம் அசைந்தது.

“அடிக்குது,” என்றார் நேசம்மாள்.

அஜிஷா சிலுவை போட்டுக்கொண்டாள். முத்துநாயகத்தின் கை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. முப்பது நாளுக்கு முன்னால் கடலுக்கு அடியில் போன ஒரு மணி, எங்கேயோ, யாருக்கோ அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பவர் இல்லாமல் அதுவாக நின்றது.

“ஆளு உசிரோட இருக்கான்,” என்று கிசுகிசுத்தார் முத்துநாயகம். “வாங்க, அம்மகிட்ட சொல்லுவோம்.”

“போன் உசிரோட இருக்கு. ஆளப்பத்தி அது ஒண்ணும் சொல்லல்ல. அந்த அம்மைக்கு நான் போனப் புடிச்சு மவனக் குடுக்கமாட்டேன்.” நேசம்மாள் செருப்பை மாட்டினார். “கடல்ல நனைஞ்ச போன் அடிக்காது. அப்பம் அது கடலுக்கே போகல்ல. இஞ்ஞாசி எங்க இருப்பாரு?”

*

இஞ்ஞாசி கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. இடுப்பில் ஒரு சாரம், தோளில் ஒரு துண்டு. அந்த உடம்பில் ஒரு டிக்கெட் ஒளித்து வைக்கக்கூட இடமில்லை என்று முத்துநாயகம் ஒரே பார்வையில் கணக்குப் போட்டார். போனுக்கு எங்கே இடம்.

“அண்ணாச்சி, ஷிஜின் போன எந்தக் கையில வச்சிருந்தாரு?”

“வலது கையில.”

“தண்ணி படாம இருக்க பிளாஸ்டிக் கவருல போட்டுத்தான கொண்டுபோவிய? கவருக்குள்ள வச்சுக் கூப்பிட்டாரா, வெளிய எடுத்தா?”

ஊசி நின்றது. “நான் போலீசுக்குச் சொன்னதே சொன்னது.”

“அந்தப் போன் இப்பம் அடிக்குது.”

இஞ்ஞாசி திடுக்கிடவில்லை. தலையை உயர்த்தி, தென்னைக்கு அப்பால் தெரிந்த வீட்டு வரிசையை ஒரு தரம் பார்த்தார். பிறகுதான் கடலைப் பார்த்தார்.

“நீங்க கூப்பிட்டியளா?”

“கூப்பிட்டேன்.”

“ஆரும் எடுத்தாங்களா?”

“இல்ல.”

அவர் மூச்சை விட்டார். “இனி கூப்பிடாதீங்க. பாவம்.”

“ஆருக்குப் பாவம்?”

“நாலு மணி கழியட்டு. பொறவு எனக்க சங்கையப் புடிச்சுக் கேளுங்க. சொல்லுதேன்.” ஊசி மறுபடி வலைக்குள் போனது.

திரும்பி நடக்கையில் முத்துநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. “அடக்கம் கழியட்டுன்னு கொலகாரன்தான் சொல்லுவான். ரெண்டு பேரு போனானுவ, ஒருத்தன் வந்தான். போன மட்டும் இந்த ஆளு கரையிலயே எடுத்து வச்சிருக்கான். இன்னும் என்ன வேணும், விசிலடிச்சு வண்டிய எடுக்க வேண்டியதுதான்.”

“நான் கூப்பிட்டேன்னதும் அவரு கேட்ட மொத கேள்வி என்ன?”

“ஆரும் எடுத்தாங்களான்னு.”

“போன் அவருகிட்ட இருந்தா அதக் கேப்பாரா?” நேசம்மாள் நடையை நிறுத்தவில்லை. “சரி, மொதல்ல எங்க பாத்தாரு?”

“கடல.”

“ரெண்டாவதுதான் கடல்.”

*

மூன்றரைக்குப் பெட்டி வந்தது.

தாய் அறையை விட்டு வராததால் பெட்டியே அறைக்கு வந்தது. நாலு பேர் சுமந்தார்கள். வெறும் துணியின் கனம் அவர்களுடைய நடையில் தெரிந்தது, கால்கள் தேவைக்கு மேல் உயர்ந்து விழுந்தன. பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பெண்கள். கடைசியில், தலையில் முக்காடிட்டு, யாரையும் தொடாமல் ஜின்சி. இஞ்ஞாசி ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்.

குளோரி எழுந்திருக்கவில்லை. “நான் வரமாட்டேன். பெட்டியத் திருப்பிக் கொண்டு போங்கலே.”

பூட்டிய திரை கறுப்பாக இருந்தது. முன்னால் சுமந்தவன் வாசல்படியில் காலை வைத்தான்.

திரை தானே திறந்தது.

“வந்துட்டேன் மக்கா.”

சற்றுக் களைத்த, சிரிப்பை அடக்கிய ஓர் ஆண்குரல். ஜெபமாலை பாதியில் அறுந்தது. சுமந்தவர்களில் ஒருவனின் கை நழுவி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. முத்துநாயகம் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் எதற்குத் தோள் கொடுத்திருக்கிறோம் என்பது உறைத்தது. நகரவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

குளோரி எழுந்து நின்றுவிட்டார். “கேட்டியளா? எல்லாரும் கேட்டியளா? எனக்க மவனுக்க சத்தம்.”

நேசம்மாள் தன் போனை எடுத்து அதே எண்ணை அமுக்கினார்.

பெட்டி உறுமியது.

முத்துநாயகத்தின் தோளெலும்பு வழியாக அது பல்லுக்கு ஏறியது. உர்ர். நின்றது. உர்ர். நின்றது. கூட்டம் நாலடி பின்னால் போனது. முத்துநாயகத்துக்கும் போக ஆசைதான்.

“ஆப்பரேட்டரம்மா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, “உள்ள இருக்கப்பட்டவரு எறங்கணும்னு பெல்லடிக்காரு.”

“பெட்டிய எறக்கித் தொறங்க.”

மடித்த நீலச் சட்டை, சாரம், ஒரு ஜெபமாலை. சட்டைப் பையில், பிளாஸ்டிக் கவருக்குள், வெளிச்சம் போட்டு அதிர்ந்துகொண்டிருந்தது போன். சத்தம் அணைத்து வைத்திருந்தது. சார்ஜ் தொண்ணூற்றாறு. நேசம்மாள் தன் போனை அணைத்ததும் அதுவும் அடங்கியது.

“துணி மடக்கி வச்சது ஆரு?”

கேள்விக்குத் தேவையே இல்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

“நான்தான்,” என்றாள் ஜின்சி. முன்னால் வந்தவள் பெட்டியருகே முட்டுக்குத்தினாள். திரையில் தெரிந்த எழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “மிஸ்டு கால் ரெண்டு கெடக்கு. ஆரோ கூப்பிட்டிருக்கு. ரெண்டு மட்டம் கூப்பிட்டிருக்கு.” கவரோடு போனை எடுத்தாள். “நான் மத்தியானமே வச்சு மூடிட்டேனே. எடுக்காம விட்டுட்டேனே.”

“மக்கா,” என்றார் நேசம்மாள். “அது ரெண்டும் நான்தான்.”

ஜின்சி நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்துநாலு வருஷத்தில் லட்சம் பேருக்கு லைன் கொடுத்த நேசம்மாள், தப்பான இடத்துக்கு ஒரு லைன் போட்டுவிட்டதைப் போலத் தலை குனிந்தார். முத்துநாயகம் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

“ஆருக்க காலுக்குக் காத்திருந்த?”

“அவருக்கு.” ஜின்சி போனை மடியில் வைத்துக்கொண்டாள். “கப்பல்காரன் ஆராவது தூக்கியிருந்தா, எங்கயாவது எறக்கி விட்டிருந்தா, கூப்பிடுவாருல்லா. எனக்க நம்பர் அவருக்கு மனசுல கெடையாது. எல்லாம் போனுல பேராத்தான் கெடக்கும். அவருக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் அவருக்கதுதான். அதான் சார்ஜ் போட்டு மடியிலயே கொண்டு நடந்தேன். காலையில குருசடிக்கு வந்தா ஜன்னலுக்குள்ள இருந்து அவரு சத்தம். வந்துட்டேன்னு. நான் ஜெபிச்சதுக்குக் கெடச்சதுன்னு இருந்தேன்.”

“ஞாயித்துக்கெழம?”

“மாமிகூடப் பூசைக்கு வரணும். போன வீட்டுல வச்சிருவேன். அப்பம் சத்தம் வராது. அவருக்கு எனக்கமேல வெறுப்புன்னு நெனச்சுக்குவேன்.”

“சத்தம் அவருதுதான். கொண்டு வந்தது நீ,” என்றார் நேசம்மாள். “போன் அவருகிட்ட இல்லாம ஒங்கிட்ட எப்பிடி வந்துச்சு?”

இஞ்ஞாசி ஓர் அடி முன்னால் வைத்தார். “அது நான் சொல்லுதேன்.”

“வேண்டாம் மாமா. எனக்காவ நீங்க பொய் சொன்னது போதும்.” ஜின்சி மாமியைப் பார்த்துப் பேசினாள். “முந்தின நாளு போன அணைச்சு அரிசிப்பானையில ஒளிச்சு வச்சேன். கடல்ல இருந்து வந்தா இந்த ரூம், வீட்டுக்கு வந்தா போன். எங்கிட்ட ஒரு வார்த்த பேச நேரமில்லன்னு கோவம். காலம்பற எந்திரிச்சுத் தேடினாரு. போன் எங்கட்டீன்னு பைய கேட்டாரு. ஒறங்குத மாதிரி கெடந்தேன். போனில்லாம போயிட்டாரு. கரை தெரியுற தூரத்துல கெடந்திருக்காங்க. ஒரு போன் இருந்தா ஆரயாவது கூப்பிட்டிருப்பாருல்லா, மாமி. ஒங்ககிட்ட சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. மொத பன்னெண்டு நாளு அத ஆன் பண்ணக்கூட பயம்.”



“இன்னைக்கு ஏன் பெட்டியில வச்ச?” என்றார் நேசம்மாள்.

“அன்னைக்குக் கொண்டு போகல்ல. இன்னைக்காவது கொண்டு போவட்டும்னு வச்சேன். அணைச்சுக் குடுக்க மனசு வரல்ல.”

குளோரி மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாற்பத்தைந்து ஆகியிருந்தது. முத்துநாயகம் ஒரு அடி விழும் என்று எதிர்பார்த்தார், குறுக்கே போய் நிற்கலாமா என்றுகூட யோசித்தார்.

“ஞாயித்துக்கெழம சோறு வைக்க என்ன விடமாட்ட,” என்றார் குளோரி. “அரிசிப்பானையில நான் கை விட்டா போன் தெரிஞ்சிரும்னுதானா?”

ஜின்சி தலையசைத்தாள்.

“குளோரி,” என்றார் இஞ்ஞாசி. தொண்டையைச் செருமிக்கொண்டார். “இத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல. சொன்னா அந்தப் புள்ள போன ஒளிச்ச கதயும் வெளிய வரும். வள்ளம் தள்ளும்போ போன் எங்கலேன்னு கேட்டேன். சிரிச்சான். அரிசிப்பானையில கெடக்கு அண்ணே, மூடி நேரா இல்ல, பாத்தாலே தெரியுதுன்னான். பின்ன எடுக்க வேண்டியதுதானலேன்னேன். பானைய உருட்டினா அவ முழிச்சிருவா, இப்பந்தான் ஒறங்குதான்னான்.”

உறங்குகிற மாதிரிக் கிடந்தவளை உறக்கம் என்று நம்பிப் போயிருக்கிறான்.

குளோரி குனிந்து அவள் கையைப் பிடித்தார். “எழும்பட்டி,” என்றார். “அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் வச்சிட்டுப் போயிருக்கான்.”

பிறகு நேசம்மாள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உண்டா, இல்லையா?”

“இந்த ரூமுக்கு வந்தது போன்தான் அம்மா. மவன் வரல்ல.”

குளோரி ஜின்சியின் கையிலிருந்து போனை வாங்கி, நீலச் சட்டையின் பையில் தானே வைத்து, மேலே ஒரு தரம் தட்டினார்.

“மூடுங்கலே.”

நேசம்மாள் கம்ப்யூட்டரிடம் போனார். பத்தடிக்குள் வந்தால் திறக்கும் அந்த ஏற்பாட்டை நிறுத்த ஒரு பொத்தான் போதும். விரல் மவுஸின்மேல் இருந்தபோது பின்னாலிருந்து குளோரியின் குரல் வந்தது.

“அத நிறுத்தாண்டாம்.”

நேசம்மாள் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பெட்டி எழுந்தது. தாயும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். முத்துநாயகம் வாசலில் நின்று, தன்னை அறியாமல், வண்டி ஏறுகிறவர்களை எண்ணுகிற மாதிரி அடிகளை எண்ணினார். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்தாவது அடியில், ஆளில்லாத அறைக்குள், திரை கறுத்தது.

“போயிட்டு வாறேன்.”

சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள். குளோரி நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“சரி மக்கா,” என்றார். “போ.”